நீச்சல் தெரியும் என்று எழுதினேன்

இருவர் இருவராக ஊரூராய் ஓடும் தொலைக்காட்சிப் பயணப் போட்டிக்கு இலங்கையின் வடக்கிலும் ஆள் எடுக்கிறார்கள் என்றதும், நானும் மீன்பிடிக்கும் நண்பர் அந்தோனியும் விண்ணப்பம் நிரப்பினோம். ‘நீச்சல் தெரியுமா?’ என்ற இடத்தில் ‘நன்றாக’ என்று எழுதினேன். தீவில் பிறந்த தீவானைப் பார்த்து யார் சந்தேகப்படப் போகிறார்கள்? ஆனால் நான் வேலணைப் புகையிலைத் தோட்டக்காரன். எனக்குப் பழக்கமான தண்ணீர் கிணற்றடியோடு சரி.

விண்ணப்பத்தோடு அனுப்பும் வீடியோவுக்காக மண்கும்பான் கடலில் இறங்கினோம். கால் வழுக்கியது. அந்தோனியின் கழுத்தை இறுக்கிக்கொண்டு, என் பிள்ளையாரோடு அவருடைய மாதாவையும் கூப்பிட்டேன். இருவரும் மூழ்கினோம். அவர் திமிறி என்னை நிமிர்த்தியபோது தண்ணீர் என் இடுப்பளவுதான்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“அண்ணை, என்ரை தம்பி இப்பிடி ஒருத்தரைத் தூக்கப் போய்த்தான் கடலிலை செத்தவன். நீந்தத் தெரியாதெண்டு சொல்லியிருந்தா உங்களை இறக்கியிருப்பனோ?”

விண்ணப்பத்தை அனுப்பவில்லை. அந்தோனி இப்போது என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

குறிகட்டுவான் துறையில் படகேறினால் முதலில் உயிர்காப்பு அங்கியைப் போடுகிறேன். பக்கத்தில் இருப்பவரிடம், “எனக்கு நீந்தத் தெரியாது, பயத்தில் கழுத்தைப் பிடிப்பேன்” என்றும் சொல்லிவிடுகிறேன். சிலர் எழுந்து தள்ளிப்போய் இருக்கிறார்கள். இருக்கட்டும்.