கண்டி பாஸ் செய்த பெட்டி

அந்த ஆம்பிளிபயரின் பின்பலகையைக் கழற்றிவிட்டு சுவிட்சைப் போட்டால், உள்ளே பல்பு மாதிரியான வால்வுகள் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சள் நிறத்தில் சூடேறும். கண்ணாடிக்குள் தெரியும் அந்தச் சின்ன வெளிச்சத்தை என் மகள் இடுப்பிலிருந்தபடியே எட்டிப் பிடிக்கப் பார்ப்பாள். நான் பின்னால் நகர்வேன். "அண்ணி, இன்னும் பின்னால போனீங்கன்னா குசினி அடுப்புலதான் விழணும்" என்று என் நாத்தனார் சிரிப்பாள்.

என் கணவர் மாத்தளைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிளாக்கர். லீவு நாட்களில் கல்யாண பேண்ட் ஒன்றில் கிட்டார் வாசிப்பார். வெளிநாட்டுச் சாமான் வருவது அடியோடு நின்றுபோயிருந்த காலம் அது. அவருடைய ஆம்பிளிபயர் எரிந்துபோனதும், வேறொன்று கொண்டுவராவிட்டால் வேறு ஆளைச் சேர்ப்பேன் என்று பேண்ட் மாஸ்டர் சொல்லிவிட்டார். கிட்டார் வாசிக்காத அந்த வாரங்களில் என் கணவர் வீட்டில் பேசுவதே குறைந்துபோயிற்று. அப்போதுதான் அவருடைய தங்கை, தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பும்போது பங்களாவில் விட்டுப்போன பழைய ஆர்கனைப் பற்றிக் கேட்டாள். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள்; வாசிக்கும் கட்டைகளைக் கறையான் தின்றிருந்தது. ஆனால் அதற்குள் இருந்த ஆம்பிளிபயர் நன்றாகத்தான் இருந்தது.

நாத்தனார் சயன்ஸ் படித்தவள். வேலை கிடைக்காமல் வீட்டிலிருந்த நாட்களில், கெட்டுப்போன ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்துப் பழகியிருந்தாள். ஆம்பிளிபயருக்கு ஆர்கன் கொடுத்த சத்தம் பலமானது, கிட்டார் கம்பி கொடுப்பதோ மெல்லியது, அதனால் நடுவில் இன்னொரு வால்வு வைத்து அதை வளர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு விளக்கினாள். அந்த வால்வைச் செத்த ரேடியோ ஒன்றிலிருந்து எடுத்தாள். பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும் என்று அவள் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு அவளே ஒரு வழி செய்தாள். பிளக்கை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள். முதலில் கண்டென்சரை வடியவிட்டு, மீட்டர் வைத்துப் பார்ப்பாள். அப்போதெல்லாம் இடது கையைச் சேலை முந்தானைக்குள் இடுப்போடு செருகிக்கொள்வாள். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயுமாம். நான் ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பிளக்குமாக நின்று, மீட்டரைப் பார்த்தாயா, சரியாகப் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டேயிருப்பேன். அவள் ஒரு தடவைகூடச் சலித்துக்கொண்டதில்லை.

ஆம்பிளிபயர் பெட்டி பேசத் தொடங்கியதும் மாமியாருக்கு வேறு கவலை பிடித்தது. "கல்யாணம் பேசிக்கிட்டிருக்கிற புள்ள. ஸ்க்ரூ டிரைவரும் கையுமா இருக்கான்னு வெளிய தெரியணுமா? கண்டியில ஒரு பாஸ் செஞ்சு குடுத்தாருன்னு சொல்லு" என்று மகனிடம் சொன்னார். கைத்தொழில் தெரிந்த ஆளை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் சொல்வோம். என் கணவர் தங்கையைப் பார்த்தார். அவள் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் சொன்னது சரியா, தப்பா என்று எனக்கு முடிவாகவில்லை.

பலாபத்வல என்ற ஊரில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம்; பேண்டோடு நாங்களும் போயிருந்தோம். பேண்ட்காரர்கள் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "துரையம்மா சர்ச் பாட்டு வாசிச்ச பெட்டி. ஆட்டத்துக்குப் பைலா வாசிச்சா கோவிச்சுக்காதா?" என்றான் டிரம்ஸ் அடிப்பவன். மேடை சின்னது. என் கணவர் பெட்டியோடு ஒட்டினாற்போல உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டதும் மண்டபம் முழுவதும் ஒரே இரைச்சல். வீட்டில் வராத இரைச்சல். பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். மாஸ்டர் கடுகடுத்தார்: "உங்க கண்டி பாஸ் இதைத்தான் செஞ்சாரா? கழட்டுங்க. இன்னையோட போதும்."

கணவரின் கை பிளக்கை நோக்கிப் போனது. என் பக்கத்தில், பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்தாள். அந்தக் கல்யாணத்து மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் பார்க்க, நேரே மேடைக்கு ஏறினாள். "அண்ணே, தள்ளி உக்காருங்க. பெட்டிக்குள்ள இருக்குற டிரான்ஸ்போமருக்குக் கிட்ட கிட்டார் இருக்கு, அதான் இரையுது. கிட்டாரைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க. இன்னும். ஆங், போதும்." இரைச்சல் அடங்கியது. அவர் ஒரு கம்பியைத் தட்டினார். அந்த ஒரு சுரம் கடைசி வரிசைவரை கனிந்து போய்ச் சேர்ந்தது. மாஸ்டர் அவளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "இவங்க யாரு?"

"என் தங்கச்சி" என்றார் என் கணவர். பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்தப் பெட்டியச் செஞ்சது இவதான்" என்றார்.

அன்று அவர் வாசித்த பைலாவுக்குச் சமையல்காரர்கள்கூட வெளியே வந்து ஆடினார்கள். நான் திரும்பி மாமியாரைப் பார்த்தேன். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. கல்யாணப் பேச்சு முறிந்துவிடுமோ என்று வரும் வழியில் பஸ்ஸில் நான் நாத்தனாரையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கொஞ்ச நாளில் நாவுல என்ற ஊரிலிருந்து ஒருவர், துணியில் சுற்றிய ரேடியோவோடு எங்கள் வாசலுக்கு வந்தார். "கிட்டார் பெட்டி செஞ்ச பாஸ் வீடு இதுதானே? அவர் இருக்காரா?" என்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, மாமியார் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். உள்ளேயிருந்து மாமியார் வந்தார். முந்தானையால் கதிரையைத் துடைத்து வந்தவருக்குப் போட்டார்.

"இருக்கா. சாப்புடுறா. உக்காருங்க, வருவா."