நேராப்பாருங்க கடை

என் வீட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் நாங்கள் பிழைக்க வந்த இந்த வேற்றுச் சூரியனைச் சுற்றும் ஒன்பது கிரகங்களிலும் ‘நேராப்பாருங்க’ என்றால்தான் அவரைத் தெரியும். அடையாள அட்டை அலுவலகத்துக்கு எதிரே எங்கள் போட்டோ கடை. ஒரு ஸ்டூல், ஒரு வெள்ளைத் திரை, நூலில் கட்டிய சீப்பு. பதினான்கு இனத்தார் வரும் கடையில் தலைமுடி உள்ள இனம் மூன்றே மூன்று. சீப்பைக் கழற்றுங்கள் என்றால் கேட்கமாட்டார்.

முகம் நேராக, கண்கள் திறந்து, சிரிக்காமல். அட்டைப் படத்துக்கு இதுதான் விதி. எழுதிய புண்ணியவான் இரண்டு கண்ணுக்கு மேல் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. பன்னிரண்டு கண்காரர்களுக்குக் கண்கள் முறைபோட்டுத் தூங்கும். எல்லாம் ஒரே நேரத்தில் விழிக்க, இவர் பின்னால் போய்க் காகிதப் பையை ஊதி உடைப்பார். நான் பொத்தானை அமுக்குவேன்.

மூன்றாம் கிரகத்து உருளைகளால்தான் தொல்லையே இல்லை. ஆளுயரப் பூசணிக்காய் மாதிரி வந்து, இரண்டு குழியும் ஒரு கோடும் உள்ள பக்கத்தைக் காட்டி ஆடாமல் அசையாமல் உட்காருவார்கள். “இவங்களப் பாத்துக் கத்துக்க” என்று பதினோரு வருஷமாக எனக்கு உபதேசம் வேறு.

போன வாரம் ஓர் உருளை தன் குழந்தையைக் கொண்டுவந்தார். ஸ்டூலில் வைத்ததும் அது வீறிட்டு அழுதது. சத்தம் பின்பக்கத்திலிருந்து வந்தது. இவர் எட்டிப் பார்த்தார். கண், மூக்கு, வாய் எல்லாம் அங்கே சௌகரியமாக இருந்தன. அப்பாக்காரர் பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உருண்டே போய்விட்டார்.

பதினோரு வருஷம், எட்டாயிரம் அட்டை, அத்தனையும் முதுகு.

மறுநாளே கடை உரிமத்தைப் புதுப்பிக்கும் அதிகாரி வருவதாக இருந்தது. அந்த அம்மாளும் உருளைதான். இவர் சாப்பாட்டைத் தொடவில்லை.

“கடை போச்சுடி.”

“வாயத் தொறக்காம இருங்க, ஒண்ணும் போகாது.”

“எட்டாயிரம் பேரு முதுகோட ஊர் சுத்துறாங்க. எப்படிச் சொல்லாம இருக்கிறது?”

பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி.

அதிகாரி வந்து குழிப் பக்கத்தைக் காட்டி நின்றார். உட்காரச் சொல்வதற்குள் இவர் கொட்டிவிட்டார்.

“மேடம், இத்தனை வருஷமா உங்க ஆளுங்களோட முதுகத்தான் படம் எடுத்திருக்கேன். உங்க அட்டையிலயும் முதுகுதான்.”

“தெரியுமே” என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. “முகத்தை நாங்க சொந்தக்காரங்களுக்குத்தான் காட்டுவோம். மத்த கடையில திரும்பு திரும்புன்னு மானத்த வாங்குவாங்க. நீங்கதான் மரியாதை தெரிஞ்சவருன்னு இவ்வளவு தூரம் வர்றோம்.”

“எனக்கு ஒண்ணுமே தெரியாது மேடம்.”

“அது இப்பத்தான் தெரியுது.”

“விதியில முகம்னு...”

“எங்களுக்கு எது முகம்னு விதியில போடலையே.” உரிமத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். “சொந்தக்காரங்களுக்கு நான் கையெழுத்துப் போடக்கூடாது. அதான் முதல்ல இது. போன வாரம் இங்க அழுதது என் பொண்ணு. அவ முகத்தையே பாத்துட்டீங்க. இனிமே நீங்க வேத்தாளு இல்லண்ணா.”

மெல்லத் திரும்பினார். சின்ன முகம். வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது. இவர் பழக்கதோஷத்தில் சொன்னார்:

“சிரிக்காம, கொஞ்சம் நேராப் பாருங்க.”

கேமராவுக்குப் போன கையை நான் தட்டிவிட்டேன்.