ஒன்பது மணிக் கேட்டும் என் பழைய டூ ஸ்ட்ரோக்கும்

போர்வெல் மோட்டார் பழுது பார்ப்பது என் தொழில். எங்கள் சுற்றுவட்டாரத்தில் யார் நிலத்தில் மோட்டார் நின்றாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அந்தத் திமிரில்தான் வல்லத்தில் ஒருவரிடமிருந்து பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கினேன். "இந்த ஓட்ட வண்டி எதுக்குங்க?" என்று என் மனைவி கேட்டாள். "இஞ்சின்னு ஒன்னு இருந்தா அது என் பேச்சக் கேட்டுத்தான் ஆவணும்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது அவளுடைய பரீட்சை நாளைப் பற்றி. அரசாங்க வேலைக்கான பரீட்சை. செஞ்சியில் சென்டர். காலை ஒன்பது மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் காலில் விழுந்தாலும் திறக்க மாட்டார்கள். வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுப்படியில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு, குழம்பு கொதிக்கிற நேரத்தில் படித்தவள் அவள்.

முந்தின வருடமும் எழுதப் போனாள். எழுதவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் "எடப்பக்கமா போவணுங்க" என்றாள். "எனக்குத் தெரியாத ஊரா?" என்று நான் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். பாதி வழியில் மறுபடியும் சொன்னாள். நடுத்தெருவில் நின்று அவளோடு சண்டை போட்டேன். அவள் சொன்ன பள்ளிக்கூடத்துக்கே கடைசியில் போய்ச் சேர்ந்தபோது கேட்டை மூடி நாலு நிமிடம் ஆகியிருந்தது. வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறமும் அதைப் பற்றிப் பேசியதில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இந்த வருடம் பரீட்சை சரியாக அமாவாசைக்கு மறுநாள் வந்து விழுந்தது. அமாவாசை ராத்திரி மேல்மலையனூர்க் கோயிலில் கூடுகிற கூட்டம் காலையில்தான் கலையும். செஞ்சிப் பக்கம் போகிற பஸ் ஒவ்வொன்றிலும் படியில் பத்துப் பேர் தொங்குவார்கள். இடையில் இருக்கிற எங்கள் ஊரில் ஒன்றும் நிற்காது. அதனால் வண்டிதான் என்று முடிவு செய்தோம்.

முதல் நாள் சாயங்காலம் வண்டியைக் கழுவிப் பூஜை போட்டேன். அமாவாசைக்கு வண்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். நான் ஒருபடி மேலே போனேன். சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து ஹெட்லைட், ஹேண்டில், டேங்க், டேங்க் மூடி, நம்பர் பிளேட் என்று ஓரிடம் விடாமல் அப்பிக் குங்குமம் வைத்தேன். "போதுங்க, வண்டியே தெரியல" என்றாள். "உனக்காவத்தான்" என்றேன். பொய்யில்லை, அவளுக்காகத்தான் வைத்தேன்.

காலையில் ஏழே முக்காலுக்குக் கிளம்பினோம். ஆறேழு கிலோமீட்டர் ஒழுங்காகப் போனது. ஓர் ஏரிக்கரைத் திருப்பத்தில் இஞ்சின் சத்தம் இளைத்தது. ரெண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது.

பால் கேன்களை இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு மொபெட்டில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார். "டூ ஸ்ட்ரோக்கா? ஆயில் பத்தாம சீஸ் ஆயிருக்கும்பா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவளை ஏற்றிக்கொள்ள அவர் வண்டியில் இடமில்லை. இந்த வண்டிக்குப் பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். அது குறைந்தால் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆகியிருந்தால் கதை முடிந்தது. கையால் கிக்கரை அமுக்கினேன். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அப்பாடா, ஒட்டவில்லை.

பிளக்கைக் கழற்றி இஞ்சின்மேல் வைத்து உதைத்தேன். நீலமாகப் பொறி பறந்தது, அதனால் கரண்ட் இருக்கிறது. பிளக்கின் முனையைத் தொட்டேன். காய்ந்துபோயிருந்தது. பெட்ரோல் வந்திருந்தால் ஈரமாக இருக்கும். பெட்ரோல்தான் வரவில்லை. டேங்க் மூடியைத் திறந்தேன். 'புஸ்'ஸென்று ஒரு சத்தம். உள்ளே பாதி டேங்க் பெட்ரோல் ஆடிக்கொண்டிருந்தது. மூடினேன். அப்படியென்றால் கார்பரேட்டரில்தான் குப்பை என்று முடிவுகட்டி, அடியில் இருக்கிற திருகாணியைத் தளர்த்தினேன். பெட்ரோல் சரசரவென்று வடிந்தது. முடுக்கிவிட்டு உதைத்தேன். இரண்டாவது உதையில் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது.

"பாத்தியா? நாம யாரு!" என்றேன்.

"மணி எட்டே கால்" என்றாள்.

முறுக்கினேன். தூரத்தில் கோட்டை மலை தெரிய ஆரம்பித்தது. இன்னும் ஐந்து கிலோமீட்டர்தான் இருக்கும். அங்கே மறுபடி அதே இளைப்பு, அதே இருமல். வண்டி செத்துப்போனது.

அந்த நிமிடம் எனக்குள் என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். பயந்துபோனேன். பயம் வந்தால் எனக்கு வாய்தான் முதலில் வேலை செய்யும். வண்டியை விற்றவனைத் திட்டினேன். பெட்ரோல் போட்டவனைத் திட்டினேன். "எத்தினி வாட்டி சொன்னேன், சீக்கிரம் கெளம்புன்னு" என்று அவளையும் திட்டினேன். அவள்தான் விடியற்காலையிலேயே கிளம்பி நின்றவள். கை காட்டிய இரண்டு பஸ்ஸும் ஒரு வேனும் நிற்காமல் போயின. மணி எட்டு முப்பத்தைந்து.

கார்பரேட்டருக்குப் பெட்ரோல் வருகிற குழாயைப் பிடுங்கினேன். நாலு சொட்டு விழுந்து நின்றது. ரிசர்வுக்குத் திருப்பினேன். அதிலும் வரவில்லை. டேங்கின் அடியில்தான் துரு அடைத்திருக்கிறது, டேங்கையே கழற்ற வேண்டியதுதான் என்று தோன்றியது. அதற்கு அரைமணி ஆகும். தரையில் மண்டிபோட்டுக் குழாயில் வாயை வைத்து ஊதினேன், உறிஞ்சினேன். பெட்ரோல் வாய்க்குள் போய்த் துப்பினேன். கண்ணில் நீர் வந்தது. பெட்ரோலால் மட்டும் வந்த நீர் இல்லை அது.

அவள் வண்டிக்கு அந்தப் பக்கம் டேங்கை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். திடீரென்று குழாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு என் முகத்தில் அடித்தது.

"வந்துடுச்சு! ஊதுனதுல போய்டுச்சு பாரு துரு!" என்று கத்தினேன்.

"ஆமாங்க. மாட்டுங்க, போலாம்" என்றாள்.

மாட்டினேன், உதைத்தேன். பறந்தோம். முந்தானை காற்றில் படபடக்க, அதை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "ஒயுங்கா குத்திக்கினு வரக்கூடாது? சக்கரத்துல மாட்டிக்கப் போவுது" என்று அதற்கும் கத்தினேன். வண்டி அப்புறம் ஓரிடத்திலும் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் இறங்கியபோது மணி எட்டு ஐம்பத்தாறு. முந்தானையைப் பிடித்தபடியே ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நுழைந்தார்கள். கேட் மூடியது.

எதிரே இருந்த புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்தேன். டீக்கடைக்காரரிடம் நான் துருவை ஊதித் தள்ளிய கதையை ரெண்டு தடவை சொன்னேன். பிறகு பழைய துணியை எடுத்து வண்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

சீட் உறையில் ஓர் ஊக்கு செருகியிருந்தது. முனை வளைந்து, சந்தனம் ஒட்டியிருந்தது. டேங்க் மூடியைப் பார்த்தேன். நான் அப்பிய சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. அதன் நடுவில் மட்டும் சுரண்டி எடுத்து, ஒரு சின்னத் துளை.

துடைப்பதை நிறுத்தினேன். டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போயாக வேண்டும். அதற்காகத்தான் மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை வைத்திருக்கிறார்கள். அதை நான்தான் சந்தனம் வைத்து அடைத்திருக்கிறேன். முதல் தடவை மூடியைத் திறந்ததும் 'புஸ்'ஸென்றதே, அது காற்று உள்ளே போன சத்தம். திறந்ததால்தான் வண்டி கிளம்பியது. காற்று அடைத்து நின்றுபோன பம்ப் எத்தனை பார்த்திருப்பேன்! என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அவள் மண்டையில் ஏறியிருக்கிறது. நான் மண்டிபோட்டு ஊதிக்கொண்டிருந்தபோது, தோளில் இருந்த ஊக்கைக் கழற்றிக் குத்திவிட்டிருக்கிறாள்.

பரீட்சை முடிகிற நேரத்துக்கு வண்டியைக் கேட்டருகே கொண்டுபோய் நிறுத்தினேன். கூட்டத்தோடு வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. "நல்லா எழுதியிருக்கேங்க" என்றாள்.

நான் ஊக்கை நீட்டினேன். "அங்கியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

அவள் ஊக்கை வாங்கி, வளைந்த முனையைப் பல்லால் நிமிர்த்தினாள்.

"போன வாட்டி சொன்னேனே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கேட்டில் நின்ற போலீஸ்காரர் "வண்டிய எடுப்பா, வழிய மறிக்காத" என்று அதட்டினார். வேறொரு நாளாக இருந்தால் அவரிடமும் மல்லுக்கு நின்றிருப்பேன். பேசாமல் வண்டியை உதைத்தேன். அவள் முந்தானையைக் குத்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"எடப்பக்கமா போங்க. அங்க ஒரு டிபன் கடை இருக்குது, பசிக்குது."

எனக்குத் தெரிந்து அந்தப் பக்கம் கடை எதுவும் கிடையாது. இடப்பக்கமே திருப்பினேன். கடை இருந்தது.