ஒருவரும் இல்லாத ஊரில் நான்கு நாள்

செய்தி எனக்குக் கைபேசியில் வந்தது, ‘ஒருவரும் இல்லாத ஊர்’ என்ற குழுவில். அந்தக் குழுவில் இருந்தவர்கள் நாங்கள் நான்கு பெண்கள் மட்டும். பெயர் வைத்தவர் நவமணி அக்கா. “அக்கா விடிய ஆறு மணிக்குப் போயிட்டா” என்று கலா எழுதியிருந்தாள். நான் அப்போது எஸ்-பான் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். பல் வைத்தியரிடம் தெர்மின், முன்கூட்டியே எடுத்த நேரம். பெட்டி நிறையச் சனம், அழவும் வெட்கமாக இருந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்கத்து வண்டியில் ஏறி, அக்காவின் வீட்டுக்குப் போனேன். பல் இன்னும் வலிக்கிறது.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் எங்கள் ஆட்களில் நவமணி அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. நகரத்தின் நடுவில் இருந்த ஒரு ஹோட்டலில் இருபத்தேழு வருடம் அறைகளைத் துப்புரவு செய்தவர். கணவர் நேரத்தோடு கண்ணை மூடிவிட, ஒரே மகனைத் தனியாக வளர்த்துப் பொறியியலாளர் ஆக்கியவர். யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதலில் வந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கி, கடைசியாகச் சட்டி கழுவிவிட்டுப் போகிறவர். வாய் கொஞ்சம் நீளம். அதுவும் உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மகன் ரமணன், முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு நினைவு மலர் போடப்போவதாகச் சொல்லி என்னிடம் இரண்டு பக்கம் கேட்டான். “அன்ரி, அம்மா ஒருநாளும் சும்மா இருந்ததில்லை எண்டு எழுதுங்கோ. அதுதான் அம்மா” என்றான். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஏனென்றால் அது உண்மை இல்லை. நவமணி அக்கா சும்மா இருந்திருக்கிறார். நான்கு நாள் இருந்திருக்கிறார். அதற்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு எழுதினேன் என்றால் எழும்பி வந்து என்னோடு சண்டை பிடிப்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கலா வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். நான், கலா, திலகம், நவமணி அக்கா. நால்வரும் ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஒரே அகதி முகாமில் ஒரே அடுப்பில் முறை வைத்துச் சமைத்தவர்கள். திடீரென்று நவமணி அக்கா சொன்னார்: “எனக்கு ஒருக்கா ஹோட்டலில படுக்கோணும்.”

“இருபத்தேழு வருசம் ஹோட்டலிலதானே அக்கா இருந்தனீங்கள்?” என்று கலா சிரித்தாள்.

“இருந்தனான். படுக்கேல்லை.”

நாங்கள் சிரிப்பை நிறுத்தினோம். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தன் கணக்கில் ஆயிரக்கணக்கான கட்டில்களை விரித்திருப்பார். வேறொருத்தி விரித்த கட்டிலில் ஒருநாளாவது படுத்து எழும்ப வேண்டும் என்றார். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். போகிற ஊரில் எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இருக்கக்கூடாது.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாங்கள் வெளிநாடு போவதென்றால் கலியாணம், பெண்பிள்ளைகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீடு, செத்தவீடு. பாரிசுக்கு நான் பத்துத் தடவையாவது போயிருப்பேன். அங்கே எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் என் கணவரின் தங்கை வீட்டுக் குசினி அடுப்படி. சொந்தக்காரர் இருக்கும் ஊருக்குப் போய் ஹோட்டலில் தங்கினால் அந்தக் கோபம் பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். ஆகவே வரைபடத்தை விரித்துவைத்து ஊர் தேடினோம். வியன்னாவில் திலகத்தின் மச்சான். ரோமில் கலாவின் பெறாமகள். கொப்பன்ஹேகனில் எனக்கே மூன்று வீடு. லண்டனைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைசியில் லிஸ்பன் என்ற பெயரில் விரல் வைத்தபோது நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவருக்கும் ஒருவரும் இல்லை!

என் கணவர் கேட்டார்: “அங்க ஆர் இருக்கினம்?”

“ஒருத்தருமில்லை.”

“பிறகென்னத்துக்குப் போறியள்?”

நவமணி அக்கா பக்கத்தில்தான் இருந்தார். “ஏன் அண்ணை, அந்தப் போத்துக்கல் பறங்கியர் எங்கட ஊருக்கு வரேக்க அங்க அவைக்கு ஆர் இருந்தவை? சொல்லாமல் கொள்ளாமல் வந்து நூறு வருசம் மட்டில இருந்துபோட்டுத்தானே போனவை. நாங்கள் டிக்கெட் எடுத்து நாலே நாலு நாளைக்குப் போறம்” என்றார். என் கணவர் பத்திரிகையை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டார்.

லிஸ்பனில் எங்கள் ஹோட்டல் ஒரு ஏற்றத்தின் உச்சியில் இருந்தது. முழங்கால்கள் நான்கு சோடியும் அழுதன. நவமணி அக்காவும் நானும் ஓர் அறை. உள்ளே போனதும் அவர் விரலால் கதவு நிலையின் மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். தூசி இல்லை. “நல்ல வேலைகாரி” என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் மெதுவாக உட்கார்ந்தார். இரவு அவர் விட்ட குறட்டையைப் பற்றி நினைவு மலரில் எழுதுவது மரியாதை இல்லை. மூன்று அறை தள்ளிப் படுத்த திலகத்துக்கும் கேட்டது என்பதோடு நிறுத்துகிறேன்.

முதல் நாள் காலை நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், இரண்டு கட்டிலும் சுருக்கம் இல்லாமல் விரித்துக் கிடக்கின்றன. தலையணைகள் நிமிர்ந்து நிற்கின்றன. நவமணி அக்கா முழங்காலிட்டு கைகழுவும் தொட்டியின் கீழ்ப்பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

“அக்கா, என்ன செய்யிறியள்?”

அவர் கையில் இருந்த துணியைப் பார்த்தார். அதை யாரோ தனக்குத் தெரியாமல் கையில் வைத்துவிட்டுப் போனதுபோலப் பார்த்தார். “எனக்கே தெரியாதடி” என்றார்.

அந்த நேரம் கதவைத் தட்டிக்கொண்டு அறை துப்புரவு செய்யும் பெண் வந்தாள். ஐம்பது வயது இருக்கும், கறுத்த, நல்ல உயரமான பெண். விரித்த கட்டிலைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு நவமணி அக்கா விரித்ததை அடியோடு உருவி எடுத்துவிட்டு மறுபடி விரிக்கத் தொடங்கினாள். நவமணி அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். தங்குகிறவர்கள் தாங்களாகக் கட்டிலை விரித்துவிட்டால் விரிப்பு பழையதா புதியதா என்று தெரியாது, எல்லாவற்றையும் உருவி இரண்டாந்தரம் வேலை செய்ய வேண்டும். “இதுக்கெண்டே நான் எத்தினை பேரை மனசுக்குள்ள திட்டினனான் தெரியுமே?” என்றார். அந்தப் பெண்ணிடம் தன்னைக் காட்டி, கட்டிலைக் காட்டி, கைவிரல்களால் இருபது, பிறகு ஏழு என்று காட்டினார். அவள் விளங்கிக்கொண்டாள். தன் கைவிரல்களால் பன்னிரண்டு காட்டினாள். இருவரும் தங்கள் இடுப்பைப் பிடித்துக்காட்டிச் சிரித்தார்கள். அதற்கு மொழி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையும் அவருடைய கை விரிப்பின் நுனிக்குப் போனது. நான் “கையை எடுங்கோ!” என்று கத்தினேன். எடுத்தார். ஆனால் சாப்பாட்டு மண்டபத்தில் எங்கள் மேசைத் தட்டுகளை எல்லாம் அடுக்கி வைத்துவிட்டார். வெளியில் வந்து சதுக்கத்தில் வெயிலில் உட்கார்ந்தபோது முகம் வாடியிருந்தது. “எனக்கு ஏலாதுபோல கிடக்கு. விருந்தாளியாய் இருக்கிறதுக்கும் ஒரு பழக்கம் வேணும் என்ன? அது எனக்கு வரேல்லை” என்றார். இருபத்தேழு வருடம் அழாத மனுசி அதைச் சொல்லிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

அதற்கு மேல் அன்று பின்னேரம் திலகம் ஒரு பிழை விட்டாள். எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழை. மஞ்சள் டிராமுக்கு முன்னால் நாங்கள் நிற்கும் படத்தைத் தன் குடும்பக் குழுவில் போட்டுவிட்டாள். அரை மணித்தியாலம் ஆகவில்லை, கனடாவிலிருந்து பதில் வந்துவிட்டது. அவளுடைய அண்ணன் மருமகனின் தம்பியின் மனைவியின் தமையன் ஒருவர் லிஸ்பனுக்குப் பக்கத்தில் இருக்கிறாராம். ஒருவரும் இல்லாத ஊர் என்று எங்களுக்கு இந்த உலகத்தில் ஒன்றைக்கூட எங்கள் ஆட்கள் விட்டுவைக்கவில்லை. அடுத்தது அவரே அழைத்தார். “அக்கா, நாளைக்கு மத்தியானம் எங்கட வீட்டிலதான் சாப்பாடு. பின்னேரம் நிண்டு இரவும் சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்.” திலகம் வழக்கம்போல “ஓம் ஓம்” என்று சொல்லிக்கொண்டே போனாள்.

எனக்கு எல்லாம் தெரிந்தது. போய் இறங்கிப் பத்து நிமிடத்தில் எங்களில் இரண்டு பேர் வெங்காயம் உரிப்போம். ஒருத்தி தேங்காய் திருவுவாள். நவமணி அக்கா சட்டி கழுவுவார். அவருடைய நான்கு நாளில் ஒன்று அப்படியே போய்விடும். மிஞ்சிய ஒரு நாள் இருந்து என்ன பயன்?

நவமணி அக்கா திலகத்தின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். அவர் திட்டப்போகிறார் என்று பயந்து கலா என் கையைப் பிடித்தாள்.

“தம்பி, நான் நவமணி அக்கா கதைக்கிறன். நீங்கள் கூப்பிட்டது பெரிய சந்தோசம். ஆனால் இந்தமுறை நாங்கள் வரேல்லை. நீங்கள் மனுசியையும் கூட்டிக்கொண்டு நாளைக்கு எங்கட ஹோட்டலுக்கு வாங்கோ. நாங்கள் உங்களுக்குக் கோப்பி தாறம். ஒண்டும் சமைச்சுக்கொண்டு வரக்கூடாது, சொல்லிப்போட்டன்.”

“சரி அக்கா, வாறம்” என்று அந்தத் தம்பி சொன்னது எங்களுக்கும் கேட்டது. நவமணி அக்கா தொலைபேசியைத் திலகத்திடம் கொடுத்துவிட்டு, “ஏதோ உலகம் இடிஞ்சு விழுந்ததே? இல்லைத்தானே” என்றார்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். சொல்லியும் கேளாமல் ஒரு பெட்டி நிறைய வடை. அந்தப் பிள்ளை, அதுதான் தம்பியின் மனைவி, நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோப்பி வந்தபோது எழும்பி எங்களுக்குப் பரிமாறப் போனாள். நவமணி அக்கா அவளுடைய தோளைப் பிடித்து அமர்த்தினார். “இருங்கோ பிள்ளை. நல்லாச் சாய்ஞ்சு இருங்கோ. இண்டைக்கு நீங்களும் விருந்தாளி.”

அவள் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “நான் இந்த ஊருக்கு வந்து பத்து வருசம் அக்கா. இப்பிடி இருந்து கோப்பி குடிக்கிறது இண்டைக்குத்தான்” என்றாள். நவமணி அக்கா அவளைப் பார்த்தார். பிறகு தானும் சாய்ந்து, காலுக்கு மேல் கால் போட்டு, கோப்பிக்கு இன்னொரு கரண்டி சீனி போட்டுக்கொண்டார். அன்றைக்கு மேசையில் கிடந்த கோப்பைகளில் ஒன்றைக்கூட அவர் அடுக்கவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான்காம் நாள் காலை நான் எழும்பி அவருக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தபோது ஒன்பது மணி. நவமணி அக்கா கட்டிலில் இருந்தார். முடி அவிழ்ந்து கிடந்தது. விரிப்பு ஒரு பக்கம், போர்வை ஒரு பக்கம், தலையணை ஒன்று நிலத்தில். நடுவில் அவர், இரண்டு கையாலும் கோப்பிக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு. “ஐஞ்சு மணிக்கே முழிப்பு வந்திட்டுது. ஆனால் எழும்பேல்லை” என்றார். ஒரு தேர்தலில் வென்றவர்கூட அவ்வளவு பெருமையாகச் சொல்லமாட்டார். கதவில் தொங்கவிடும் அட்டையை, தொந்தரவு செய்ய வேண்டாம் என்று எழுதிய அந்த அட்டையை, முதல்நாள் இரவே வெளியில் மாட்டிவிட்டிருந்தார். “இருபத்தேழு வருசம் இதை நடையில நிண்டு பார்த்தனான். உள்ளுக்க இருந்து மாட்டினது இதுதான் முதல்தரம்.” கலா ஓடிவந்து அந்தக் கோலத்திலேயே அவரைப் படம் எடுத்தாள். “நான் செத்தால் இந்தப் படத்தைப் போடுங்கோ. பாஸ்போட் படத்தில என்னைப் பார்த்தால் எனக்கே பயமாக் கிடக்கு” என்றார்.

நாங்கள் பெட்டியோடு வெளிக்கிடும்போது அந்த உயரமான பெண் நடையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். எங்கள் அறைக்குள் எட்டிப்பார்த்தாள். கலைந்து கிடந்த கட்டிலைக் கண்டதும் கைதட்டினாள். வண்டியிலிருந்து அதேமாதிரி ஒரு புதுக் கதவு அட்டையை எடுத்து நவமணி அக்காவின் கையில் வைத்து மூடினாள். ஹோட்டலில் இருந்து ஒரு சவர்க்காரக் கட்டிகூட எடுக்காத மனுசி அதை வாங்கிக்கொண்டார். கொடுத்தது ஹோட்டல் இல்லை, வேலைகாரிக்கு வேலைகாரி கொடுத்தது என்று எங்களுக்குச் சொன்னார்.

போன மாரிகாலம் அவருக்கு வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப் போனபோது தாதி அவரைச் சரித்துப் படுக்கவைத்து விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். நவமணி அக்கா ஒரு கண்ணைத் திறந்து, “விரிப்பின்ர மூலை சரியில்லை. பரவாயில்லை, நான் ஒண்டும் சொல்லப்போறேல்லை” என்றார். அன்றைக்குத்தான் அந்த அட்டையை என்னிடம் தந்தார்.

இதுவரை எழுதியதைக் கலா எடுத்த படத்தோடு ரமணனிடம் கொடுத்தேன். கோபிப்பான் என்று பயம். படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். “அம்மா இப்பிடிச் சிரிச்சு நான் கண்டதில்லை அன்ரி” என்றான். பிறகு, “முன் அட்டையில இதைப் போடுவம்” என்றான். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் மலரின் அட்டையில் தலைவிரி கோலமாய்ச் சிரிப்பவர் எப்படி அங்கே வந்தார் என்று யாராவது முணுமுணுத்தால், அதற்குக் காரணம் நான். அக்கா கேட்டதைத்தான் செய்திருக்கிறோம்.

அவர் தந்த அந்த ஹோட்டல் கதவு அட்டையை ஞாயிற்றுக்கிழமை காலைகளில் என் அறைக் கதவின் வெளிப்பக்கம் மாட்டுகிறேன். முதல் ஞாயிறு என் கணவர் கதவுக்கு வெளியே நின்று, “கோப்பி இல்லையே?” என்று கேட்டார். “குசினியிலதான் எல்லாம் கிடக்கு, போடுங்கோ. எனக்கும் ஒண்டு கொண்டு வாங்கோ” என்றேன். கொஞ்ச நேரத்தில் கேத்தல் கொதிக்கும் சத்தம் கேட்டது. நான் எழும்பவில்லை, நவமணி அக்கா.