கறுப்பு வெள்ளையில் கோத்தகிரி

நல்லமுத்து பெரியப்பாவுக்கு எழுபத்தொரு வயது. தலவாக்கலைக்கு மேலே, எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஆறாவது காம்பரா அவருடையது. ஏழாவது எங்களுடையது. தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தார். வயதாகித் தோட்டத்தில் பேர் வெட்டிய பிறகும் காலை நான்கரைக்கே எழுந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவர் எனக்கு உறவில்லை. பக்கத்துக் காம்பரா என்பதால் பெரியப்பா.

அவருடன் கூடப்பிறந்தது ஒரே தங்கை, பூரணி. இந்தியாவுக்குத் திரும்பிப்போக எழுதிக்கொடுத்திருந்த குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். 1980இல் அவர்களுக்குப் பாஸ்போர்ட் வந்தது. கணவரோடு தலவாக்கலை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, மன்னார் போய், கப்பலில் அக்கரை சேர்ந்து, கடைசியில் கோத்தகிரிப் பக்கம் இன்னொரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போனார். பெரியப்பா இங்கே பிரஜாவுரிமைக்கு எழுதியிருந்ததால் இங்கேயே இருந்துவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் நேரில் பார்க்கவில்லை. கடிதம் இருந்தது, பிறகு ஃபோன். 2019இல் பெரியப்பா பாஸ்போர்ட் எடுத்தார். அடுத்த வருடம் கொரோனா. அது முடிந்ததும் நாட்டில் பெற்றோலே இல்லை. பாஸ்போர்ட் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

அவர் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை. பதினான்கு அங்குலம், முன்னால் திருகுகிற குமிழ்கள். லயத்துக்குக் கரண்ட் வராத 1988இல், டவுனில் லாபிர் நானாவின் கடையில் வாங்கியது. அப்போது கார் பேட்டரியில் ஓடியதாம். பிற்பாடு மகன் கொழும்பிலிருந்து ஒரு தட்டை டிவியைக் கொண்டுவந்து சுவரில் மாட்டினான். கூரைத் தகரம் ஒழுகி அதற்குள் தண்ணீர் போனது. கட்டிலடியில் கிடந்த பழையது மறுபடி மேசைக்கு ஏறியது. அவ்வளவுதான். அதன் மேல் யாருக்கும் தனிப் பிரியம் கிடையாது.

நான் பட்டம் முடித்து இரண்டு வருடமாகிறது. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். ஆசிரிய நியமனம் வரும் என்கிறார்கள். விண்ணப்பம் போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறவளுக்குப் பகல் மிகவும் நீளம். அப்படி ஒரு பகலில்தான் என் ஃபோனை அந்த டிவியில் பொருத்திப் பார்க்கலாமே என்று தோன்றியது. லாபிர் நானாவின் மகன் இம்தியாஸ் இப்போது அதே கடையில் ஃபோன் விற்கிறார். ஃபோன் படத்தைப் பழைய வயருக்கு மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றையும், வாங்க ஆளில்லாத வீடியோ டெக் ஒன்றையும் எடுத்து வைத்தார். ஃபோனிலிருந்து பெட்டிக்கு, பெட்டியிலிருந்து டெக்குக்கு, டெக்கிலிருந்து டிவியின் அன்டெனாத் துளைக்கு.

"படம் வரும் தங்கச்சி. ஆனா நாலு பக்கமும் ஓரம் வெட்டுப்படும். ஆளுங்க ஒல்லியாத் தெரிவாங்க. அப்புறம் எங்கிட்ட வந்து சண்டைக்கு நிக்க வேணாம்" என்றார்.

வந்தது. பெரியப்பா கேட்டதெல்லாம் கோத்தகிரிதான். யூடியூப்பில் யாரோ ஒருவர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் படம் பிடித்திருந்தார். அதை வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்பார். ஒரு கண்ணில் ஆபரேஷன், மற்றதில் புகை. ஃபோன் திரையில் அவருக்கு ஒன்றும் தெரியாது. டிவிக்கு இரண்டடி முன்னால் பலகைக்கட்டை போட்டு உட்கார்ந்தால் தெரியும்.

"இந்த வளைவு நானுஓயா ரோடு மாதிரியே இருக்கு."

"நம்ம மலையப் பாக்குறதுக்கு டேட்டா எதுக்கு? கதவத் தொறந்து பாருங்க" என்பார் நாகலெட்சுமி பெரியம்மா.

"ஒனக்கு என்னா தெரியும். இது அங்க உள்ள மலை."

"தேயில தேயிலதான்."

போன மாசி மாதம், ஒரு காலையில், கோத்தகிரியிலிருந்து என் ஃபோனுக்கு அழைப்பு வந்தது. பூரணி அத்தையின் மகன் தனபாலன். "பிரேமினி, அம்மா ராத்திரியே போயிட்டாங்க" என்றார். பெரியப்பாவிடம் ஃபோனைக் கொடுத்தேன். அவர் 'சரி, சரி' என்று மட்டும் சொன்னார். பிறகு தனபாலன் என்ன சொல்கிறார் என்று எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

"மாமா, பொறந்த வீட்டுக் கோடி நீங்கதான் போடணும். நீங்க இங்க வந்து சேர முடியாது. ஒங்க பேருல இங்கேயே சேல எடுத்துர்றோம். நீங்க வாய் தொறந்து 'போடு'ன்னு சொல்லணும், அப்புறம்தான் போடுவோம். பத்து மணிக்கு யூடியூப்புல லைவ் போடுறாங்க. அதுல ஒங்களப் பாத்துக் கேக்குறேன். தப்பு அடிக்கிற சத்தத்துல ஃபோன் பேசுனா கேக்காது. பிரேமினி ஒரு மெசேஜ் போட்டா போதும்."

கல்யாணமாகிப் போன பெண் இறந்தால் பிறந்த வீட்டுச் சேலை உடம்பில் விழுந்த பிறகுதான் தூக்குவார்கள். அண்ணனோ தம்பியோ கையோடு கொண்டுபோவார்கள். இங்கிருந்து கோத்தகிரிக்கு யாரும் கொண்டுபோனதில்லை.

நான் வயர்களோடு உள்ளே போனபோது டிவி மேல் பெரியம்மா ஒரு வெள்ளை வேட்டியைப் போர்த்தியிருந்தார்.

"சாவு செய்தி வந்த வீட்டுல டிவி ஓடுதுன்னு லயமே பேசும்" என்றார்.

"படம் பாக்கவா போடுறேன்? எடு அத" என்றார் பெரியப்பா.

"பதினாறு முடியிற வரைக்கும் போடக் கூடாது."

"அவ பதினாறு வரைக்கும் அங்க படுத்திருப்பாளா?"

பெரியம்மா வேட்டியை எடுத்து மடித்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

பத்து மணிக்குப் படம் வந்தது. வந்ததும் மேலிருந்து கீழாக உருள ஆரம்பித்தது. அத்தையின் வீட்டு வாசல், பந்தல், கட்டில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன. அசையும் படத்தில் குமிழைச் சரிசெய்வது கஷ்டம். ஃபோனில் படத்தை நிறுத்தினேன். டிவியின் பின்னால் போய் ஒரு வயரைக் கழற்றி மாட்டினேன், டெக்கைத் தட்டினேன், குமிழை நூலளவு திருப்பிப் பார்த்தேன். கால் மணி நேரம் போலப் போராடி, ஒருவழியாகப் படம் உருளாமல் நின்றது. மறுபடி ஓடவிட்டேன்.

பெரியப்பா பலகைக்கட்டையை முன்னால் இழுத்துக்கொண்டார். தங்கையை நாற்பத்துநான்கு வருடத்துக்குப் பிறகு பார்த்தார்.

"இவ்வளவு குட்டையா இல்லையே அவ."

"படம் பக்கவாட்டுல அமுங்குது பெரியப்பா. படுத்திருக்கிறதால குட்டையாத் தெரியுறாங்க."

"மூக்கு அவ மூக்குதான்" என்றார்.

டெக் வழியாகத் தப்புச் சத்தம் தகரத்தில் மழை பெய்வதுபோல வந்தது. தனபாலன் ஒரு தாம்பாளத்தில் மடித்த சேலையோடு கட்டிலின் பக்கத்தில் நின்றார். என்ன கலர் என்று பெரியப்பா கேட்டார். ஃபோனைப் பார்த்து அரக்குச் சிவப்பு என்றேன்.

அப்போதுதான் ஃபோனின் மேல் ஓரத்தில் ஒரு மெசேஜ் இறங்கியது. தனபாலன் எழுதியிருந்தார்: 'பதிலுக்குப் பாத்தோம் பிரேமினி. நேரமாச்சு, கோடி போட்டாச்சு. எடுத்துட்டோம்.'

டிவியில் அவர் இன்னும் சேலையோடு நின்றுகொண்டிருந்தார்.

டிவி ஓரங்களை வெட்டுவதால் அந்த மெசேஜ் பெரியப்பாவுக்குத் தெரியவில்லை. எனக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. நிறுத்திய இடத்திலிருந்துதான் மறுபடி ஓடவிட்டிருக்கிறேன். லைவ் என்ற எழுத்தின் பக்கத்தில் இருந்த சிவப்புப் புள்ளி சாம்பலாகியிருந்தது. பதினேழு நிமிடம் பின்னால் இருந்தோம். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்றுதான். நான்தான் இந்த வீட்டில் பதினேழு நிமிடத்தைப் பிந்தவைத்திருந்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம் என்றோ துக்கம் என்றோ அதைச் சொல்ல முடியாது. உள்ளே எதுவும் நடக்கவில்லை. கையில் ஃபோன் சூடாக இருந்தது, அது மட்டும் தெரிந்தது.

டிவியில் தனபாலன் கமராவைப் பார்த்துத் திரும்பினார்.

"மாமா, ஒங்க கோடி. போடலாங்களா?"

பெரியப்பா எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"போடுப்பா தனபாலு" என்றார். பிறகு என்னிடம், "எழுது புள்ள" என்றார்.

'மாமா போடச் சொல்றாங்க' என்று எழுதினேன். 'எடுத்துட்டோம்' என்ற வரிக்குக் கீழே அதை அனுப்ப முடியவில்லை.

டிவியில் எல்லாரும் காத்திருந்தார்கள். யாரோ ஒருவர் தனபாலனின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "வந்துருச்சா?" "இல்ல." "டவர் இல்லயோ என்னமோ."

"எழுதுனியா?" என்றார் பெரியப்பா.

நான் தலையாட்டினேன். அது ஆம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆட்டல்.

ஒன்றரை நிமிடம் போயிருக்கும். பந்தலுக்குள் ஒரு பெரியவரின் குரல் கேட்டது. "வெயில் ஏறுது. மாமன் சொன்னதா வச்சுக்கிட்டுப் போடுப்பா." தனபாலன் சேலையை விரித்து அத்தையின் மேல் போட்டார்.

பெரியப்பா உட்கார்ந்தார்.

"நான் சொன்னது அங்க போகல."

"இது முன்னாலயே நடந்தது பெரியப்பா" என்றேன். நிறுத்தி ஓடவிட்டதைச் சொன்னேன். பதினேழு நிமிடத்தைச் சொன்னேன்.

"அப்ப இப்ப?"

ஃபோனில் சாம்பல் புள்ளியைத் தொட்டேன். டிவியில் படம் மாறியது. பந்தலுக்குக் கீழே கட்டில் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. ஒரு பெண் வாளியிலிருந்து தண்ணீரை அள்ளி அள்ளி வாசலில் ஊற்றிக்கொண்டிருந்தார். தப்புச் சத்தம் தூரத்தில் கேட்டது.

பெரியம்மா சுவரோரம் நின்றபடி, "படிச்ச புள்ளன்னுதானே ஒங்கையில குடுத்தோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உலையில் அரிசி போட்டாச்சா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார்.

பெரியப்பா தண்ணீர் ஊற்றும் பெண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பிரேமினி. அந்தப் பஸ் படத்துல வளைவு போயிருச்சுன்னா திருப்பிக் காட்டுவியே."

"ஆமா."

"அவன் கேக்குற எடத்துக்குப் போ."

போனேன். கட்டில் திரும்பி வந்தது, அத்தை வந்தார். தனபாலன் தாம்பாளத்தோடு திரும்பினார். "மாமா, ஒங்க கோடி. போடலாங்களா?"

"இப்ப நிப்பாட்டு."

நிறுத்தினேன். தனபாலனின் வாய் பாதி திறந்தபடி நின்றது. தப்பு ஓய்ந்ததும் அறையில் டிவியின் மெல்லிய இரைச்சல் மட்டும் இருந்தது. பெரியப்பா எழுந்து, திரைக்குப் பக்கத்தில் போய், பெரியம்மாவையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார்.

"போடுப்பா" என்றார். பிறகு, தங்கையிடம் சொல்வதுபோல, "கட்டிக்க பூரணி" என்றார்.

என் பக்கம் திரும்பாமலேயே கையைக் காட்டினார். விடலாம் என்று அர்த்தம்.

நான் ஃபோனின் வலது பக்கத்தை இரண்டு இரண்டு தட்டாகத் தட்டினேன். ஒவ்வொரு முறைக்கும் பத்து நொடி. அவர்கள் காத்திருந்த ஒன்றரை நிமிடமும், எட்டிப் பார்த்தவரும், வெயிலைப் பற்றிச் சொன்ன பெரியவரும் போனார்கள். சேலை விரிகிற இடத்தில் விட்டேன். அது திரையில் சாம்பலாக விரிந்து அத்தையின் கழுத்து வரைக்கும் மூடியது.

"போட்டாச்சு" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் பெரியப்பா குளிக்கப் போனார். நான் வயர்களைக் கழற்றிச் சுருட்டினேன். இப்படிச் செய்தது சரியா என்று அன்று முழுதும் யோசிக்க முயன்றேன். யோசனை ஓரிடத்துக்கு மேல் நகரவில்லை. சாப்பிட்டேன், வெங்காயம் உரித்தேன்.

சாயங்காலம் தனபாலன் அழைத்தார். பெரியப்பாவுக்காக ஸ்பீக்கரில் போட்டேன்.

"மாமா, தப்பா நெனைக்காதீங்க. ஒங்க பதிலுக்கு நின்னு பாத்தோம், வரல. நீங்க சொல்லாமயே போட வேண்டியதாப் போச்சு."

"நான் சொன்னேனேப்பா" என்றார் பெரியப்பா. "நீ கேட்ட, நான் சொன்னேன். அதுக்கு அப்புறம்தான் நீ போட்ட. நாங்க ரெண்டு பேரும் நின்னு பாத்தோம்."

துண்டித்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்படிங்களா மாமா" என்றார் தனபாலன். "சரிங்க."

பெரியப்பா ஃபோனை என்னிடம் நீட்டினார். ஸ்பீக்கரை நிறுத்திக் காதில் வைத்தேன். மாமா எப்போது சொன்னார் என்று தனபாலன் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.