மச்சான் காருக்கு ஸ்பீக்கர் மாற்றிய கதை

மச்சானிடம் சவுண்டு வாங்கிய கடன் இருபதாயிரம். சொந்தமாகக் கார் ஸ்பீக்கர் கடை போட வாங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, கடைசியில் ஆயிரத்து ஐநூறு பாக்கி நின்றது.

சவுண்டு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, தெரு வைத்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவர். அடுத்தவன் கடையில் திட்டு வாங்கியே தொழில் கற்றவர். சும்மா சொல்லக் கூடாது, காரில் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர்கள் மற்ற கடைகளைத் தாண்டி அவரிடம்தான் வந்தார்கள். இதை அவரே தினமும் யாரிடமாவது சொல்லிவிடுவார். உண்மை என்பதால் யாரும் மறுத்ததில்லை.

மனைவியின் அண்ணனான மச்சான் மட்டும், நாலு பேர் கூடினால் போதும், "மாப்பிள்ளை கடை நிக்கிறதே நம்ம பணத்துலதான்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வார். சவுண்டுக்கு அது உள்ளே தைத்த முள்.

ஒரு நாள் காலை மச்சான் காரோடு வந்து இறங்கினார். கையில் புது ஸ்பீக்கர் பெட்டி.

"மாப்ள, டேஷ்போர்டு ஸ்பீக்கர் கரகரன்னு உயிரை வாங்குது. இதை மாட்டிவிடு. கூலியை அந்தப் பாக்கியில கழிச்சுக்கலாம்."

"கழிக்கிற கதையே வேணாம் மச்சான். கூலி எண்ணூறு, கையில குடுங்க. கடனை நானும் கையில குடுக்கிறேன்."

"எல்லாம் ஒண்ணுதானய்யா?"

ஒன்றா? கழித்தால் நாளைக்கே, 'வேலை செஞ்சு கடனைக் கழிச்சான்' என்று பேச்சு மாறும். அந்தப் பேச்சுக்குச் சவுண்டு இடம் கொடுப்பாரா?

"ஒண்ணு இல்ல மச்சான்."

"சரி, சத்தம் நல்லா இருந்தா தர்றேன். இல்லன்னா சல்லிக்காசு கிடையாது."

"நல்லா இல்லன்னா பழசையே மாட்டித் தர்றேன்."

முன் கண்ணாடிக்குக் கீழே, டேஷ்போர்டின் இரு மூலையிலும் இருந்த வலை மூடிகளை, கீறல் விழாமல் பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி எடுத்தார். கம்பெனி போட்ட ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு வெயிலில் காய்ந்து அப்பளம் போல் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. புதியதன் துளைகள் பழைய இடத்தில் உட்காரவில்லை. பிளாஸ்டிக் பலகையில் வளையம் அறுத்து உட்கார வைத்தார். ஒயரை இணைக்கும் முன் ஸ்பீக்கர் முனைகளில் கடிகார பேட்டரியை வைத்துச் சோதித்தார். இரண்டு கூம்பும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். ஒன்று மாறித் துள்ளினால் பாட்டு சப்பென்று போய்விடும். இரண்டும் ஒழுங்காக வெளியே துள்ளின. மூடி அதிராமலிருக்க ஓரத்தில் பஞ்சு டேப்பும் ஒட்டினார். ஒரு பாட்டைப் போட்டுக் கேட்டார், அவர் காதுக்குத் திருப்தி.

மச்சான் ஒரு ரவுண்டு போய் வந்தார். முகம் மட்டும் ஒரு முழம் நீண்டிருந்தது.

"என்ன மச்சான்?"

"என்னத்தச் சொல்ல! பழசுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியல."

எதிர்க்கடை முடிவெட்டுபவரும் பக்கத்துக்கடை தையல்காரரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் சவுண்டிடம் யாரும் சொல்லாத சொல். தன் காதே தன்னை ஏமாற்றிவிட்டதோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

"அப்ப பழசையே மாட்டிடவா?"

"சேச்சே, உனக்கு எதுக்குச் சிரமம்? இருந்துட்டுப் போகட்டும். கூலியை மட்டும் விட்டுரு."

அப்போது, மச்சானின் போனோடு இணைந்திருந்த கார் ஸ்பீக்கரில் மணி அடித்தது. மச்சான் அவசரமாகச் சட்டைப்பையில் கைவிட்டார். அணைக்கப் போன விரல் அழைப்பை எடுத்துவிட்டது. கார்க் கண்ணாடி வேறு இறக்கியே இருந்தது.

"என்னங்க," என்றது டேஷ்போர்டு. மச்சானின் மனைவி. "இப்ப நீங்க பேசிட்டுப் போனை வச்சதுலருந்து எனக்கும் வந்து கேக்கணும்போல இருக்கு. பாடுறவங்க மூச்சு விடுறதுகூடக் கேக்குதுன்னீங்களே! மாப்பிள்ளைக்குக் கூலியக் குடுத்துட்டீங்களா? எதாவது குறை சொல்லி நிறுத்திடாதீங்க, ஆமா!"

பழைய ஸ்பீக்கராக இருந்தால் பானைக்குள் பேசியது போல் கொழகொழவென்று போயிருக்கும். இது ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக எடுத்துத் தெருவில் வைத்தது.

முடிவெட்டுபவர் கத்தரியை நிறுத்தினார். "அண்ணே, அண்ணி மூச்சு விட்டது எனக்கே கேட்டுச்சு."

"அவ கிடக்கா, ஏதோ உளறுறா," என்றார் மச்சான்.

"யாரு கிடக்கா?" என்றது டேஷ்போர்டு.

தையல்காரர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ஊசி கீழே விழுந்தது. மச்சான் போனை ஒருவழியாக அணைத்தார். பர்ஸை எடுத்தார். எட்டு நூறு ரூபாய்த் தாள்களைச் சவுண்டின் கையில் திணித்தார்.

"நல்லாத்தான்யா இருக்கு," என்றார், தரையைப் பார்த்து.

சவுண்டு அதைச் சட்டைப்பையில் வைக்கவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து, தன் பணத்தில் ஏழு தாளை எடுத்து அதோடு சேர்த்தார்.

"கைய நீட்டுங்க மச்சான்."

"இப்ப என்னய்யா அவசரம்?"

"நீட்டுங்க."

மச்சான் நீட்டினார். விரிந்த அந்த உள்ளங்கையில், எதிர்க்கடைக்கும் கேட்கும்படி, சவுண்டு ஒவ்வொரு தாளாக எண்ணி வைத்தார்.