மாட்டின் கழுத்தில் தடவிய சாராயம்

எழுதிப் பழக்கம் இல்லாதவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கவும் ஒரு கடிதம் எழுதவும் படித்ததோடு சரி. நாலு பேர் கூடினால் பின்னால் போய் நின்றுகொள்ளும் ஆள் நான். ஆனாலும் உங்கள் பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் மற்றவர்கள் எழுதுவதை வாசிக்கும்போதெல்லாம் இதையும் சொல்லிவிட வேண்டும் போலத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ரயில் கண்டி வரைக்கும் வந்துவிட்ட பிறகு நடந்தது இது. கண்டியில், தோட்டங்களிலிருந்து வரும் கோப்பிக்கொட்டையைக் காயவைத்து அனுப்பும் ஒரு ஸ்டோரில் மூட்டைகளின் வாயைத் தைப்பது என் வேலை. வத்தேகமப் பக்கத்தில் தோட்டத்தில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டுக் காலையில் நடந்து வந்துகொண்டிருந்தேன். கோப்பி ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர், முன்பின் தெரியாதவர், "கண்டிக்குத்தானே தம்பி? ஏறுங்க" என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். வழியில் தன் கட்டுச்சோற்றிலும் பாதியைத் தந்தார். நல்ல வெயில். அவர் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டே இருந்தார். நான் எந்த ஸ்டோரில் வேலை செய்கிறேன் என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச தூரம் போனதும் அதையே திரும்பவும் கேட்டார். ஒரு திருப்பத்தில் சக்கரம் ஓரத்துக் கல்லில் உரசியது. வயதான மனிதர் என்று நினைத்து, நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆற்றைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, வலத்து மாட்டின் கழுத்தைப் பார்த்தார். நுகத்தடி உராய்ந்து புண்ணாகியிருந்தது. குப்பியில் இருந்த சாராயத்தைத் துணியில் ஊற்றித் தடவினார். மாடு கழுத்தை உதறியதில் பாதி அவர் சட்டையில் கொட்டியது. ஒரு சொட்டும் அவர் வாயில் படவில்லை.

கண்டிக்குள் இறங்கும் சரிவு அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். அதற்கு முந்திய மழைக்காலத்தில், தவறணை என்கிற சாராயக்கடையில் குடித்துவிட்டு வந்த ஒருவரின் வண்டி அதில் கட்டுமீறி ஓடி, கீழே சந்தைக்கு வந்த ஒரு பெண்ணின் காலில் ஏறிவிட்டது. அதன் பிறகுதான் நகரசபையார் சரிவின் தலைப்பில் சாவடி போட்டுக் காவலர் ஒருவரை வைத்தார்கள். குடித்துவிட்டு வருகிறவரின், ஓட்ட அனுமதிக்கு அடையாளமான வண்டித் தகட்டை அவர் கழற்றி வைத்துக்கொள்ளலாம். தகடு இல்லாத வண்டிக்கு எந்தத் தோட்டத்திலும் மூட்டை ஏற்றமாட்டார்கள். பிழைப்பு போயிற்று என்று அர்த்தம்.

ஆனால் வாசத்தை வைத்து மட்டும் ஆளைப் பிடிக்க முடியாது. மாட்டுப் புண்ணுக்குச் சாராயம் தடவுவது வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் பழக்கம். குடித்து வருகிறவரும் மாட்டின் மேல்தான் பழியைப் போடுவார். அதனால் காவலர் ஒரு வழி வைத்திருந்தார். சந்தேகப்பட்ட ஆள் மாடுகளை அவிழ்த்து, யாருடைய உதவியும் இல்லாமல் மறுபடி பூட்டிக் காட்ட வேண்டும்.

காவலர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம். எல்லாரும் அவரை அண்ணன் என்ற அர்த்தத்தில் நானா என்றே கூப்பிட்டார்கள். எங்கள் வண்டிக்குக் கிட்ட வந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"என்ன இது, தவறணையே வண்டில ஏறி வருதா?"

"இல்லீங்க நானா, வலத்து மாட்டுக்குக் கழுத்துப் புண்ணு. அதுக்குத் தடவுனது."

பின்னால் நின்ற வண்டிக்காரர் சத்தமாகச் சொன்னார்: "அப்ப அந்த மாட்ட நடக்கவிட்டுப் பாருங்க நானா, கோணாம போகுதான்னு!"

வரிசை முழுக்கச் சிரிப்பு. எங்கள் வண்டிக்காரரும் சிரித்துக்கொண்டேதான் மாடுகளை அவிழ்த்தார். பூட்டும்போதுதான் சிரிப்பு நின்றது. மாட்டை நுகத்தோடு கட்டும் பூட்டாங்கயிறு அவர் விரல்களை விட்டு நழுவியது. குனிந்து எடுத்தார், மறுபடியும் நழுவியது. நுகத்தடியைத் தூக்கியவர் தள்ளாடிப்போய் மாட்டின் மேலேயே சாய்ந்தார்.

"மாட்டுக்குப் பூட்டணும்ணே, ஒங்களுக்கில்ல!" என்றது பின்னாலிருந்து அதே குரல்.

"போதும், தகட்டக் கழட்டுங்க" என்றார் காவலர்.

"சத்தியமா குடிக்கல நானா. இது போச்சுன்னா என் குடும்பம் என்னத்த தின்னும்?"

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். அத்தனை பேர் பார்க்க நான் வாய் திறந்ததே இல்லை. வண்டியை விட்டு இறங்கினேன்.

"ஐயா, இவரு குடிக்கல. காலையிலேருந்து கூடவே வர்றேன். மாட்டுக்குத் தடவுனத என் கண்ணால பாத்தேன்."

"நீங்க இவருக்குச் சொந்தமா?"

"இல்லீங்க. வழியில ஏத்திக்கிட்டாரு."

காவலர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வண்டிக்காரரை ஊதச் சொல்லி, வாய்க்குக் கிட்டப் போய் முகர்ந்தார். வாயில் வாசம் இல்லை. கையைப் பிடித்தவர் சட்டென்று விட்டார். "அல்லாஹ்வே, நெருப்பாச் சுடுதே!"

தகட்டை அவர் தொடவில்லை. என் வார்த்தை ஒரு மனிதரின் பிழைப்பைக் காப்பாற்றிவிட்டது என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மறுபடி ஏறப் போனேன்.

"எங்க ஏறுறீங்க? வண்டி போகாது" என்றார் காவலர்.

வண்டிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிச்சவனத்தானே நிப்பாட்டச் சொல்லியிருக்கு? காச்சக்காரன நிப்பாட்டச் சொல்லி எந்தத் தொரை சொன்னாரு?"

"அது ஞாயந்தானே!" என்று ரெண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்.

காவலருக்குக் கிடைத்த உத்தரவில் காய்ச்சலைப் பற்றி ஒன்றும் இல்லை. கோப்பி தாமதமானால் அவரைத்தான் கேட்பார்கள். தாடியைத் தடவிக்கொண்டே அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க உண்மை பேசுற ஆளா ஈக்கிறீங்க. ஒண்டு கேக்கிறேன், செல்லுங்க. இந்த மூட்டைகளுக்கு முன்னால, இவருக்குப் பக்கத்துல குந்திக்கிட்டு, இந்தச் சரிவுல எறங்குவீங்களா?"

கீழே சந்தை தெரிந்தது. தலையில் கூடையோடு பெண்கள் பாதையைக் கடந்துகொண்டிருந்தார்கள். வண்டிக்காரரின் கையில் இருந்த கயிறு நடுங்கிக்கொண்டே இருந்தது. எனக்குச் சோறு தந்த கை அது.

"மாட்டேன்" என்றேன்.

வண்டிக்காரர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"இத ஆத்தங்கரையிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. யாராச்சும் படுன்னு சொன்னா படுத்திருப்பேன்."

காவலர் அவரைச் சாவடிக் கொட்டகையில் படுக்க வைத்துக் கொத்தமல்லித் தண்ணீர் கொடுத்தார். அதுவரை கேலி பண்ணிக்கொண்டிருந்தவரே முன்னால் வந்து, எங்கள் மாடுகளைப் பூட்டி, அவற்றின் கயிற்றைத் தன் வண்டியின் பின்னால் கட்டினார். "பொண்ணு வீட்டுக்குப் போற மாப்பிள்ளைங்க மாதிரி மெதுவா வரணும், என்ன?" என்று மாடுகளுக்குப் புத்தி சொன்னார். சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டுக்கொண்டே நான் கூட நடந்து இறங்கினேன்.

அன்று நான் சொன்ன இரண்டும் உண்மைதான். முதலாவதைச் சொல்ல எனக்குத் தைரியம் மட்டும் போதுமாயிருந்தது. இரண்டாவதைச் சொல்ல, நன்றி மறந்தவன் போல ஒரு நல்ல மனிதரின் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. கம்பளியையும், திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வியையும், கல்லில் உரசிய சக்கரத்தையும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன். குடிக்காதவர்தானே என்ற நினைப்பில் அதெல்லாம் என் கண்ணில் பட்டும் படாமல் போயிருக்கிறது. இப்போது யாருடைய வண்டியில் ஏறினாலும், கூச்சத்தைப் பார்க்காமல், "ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.

மறுநாள் மழை. வண்டிக்காரருக்குக் காய்ச்சல் விடவில்லை, சாவடிக் கொட்டகையிலேயே படுத்திருந்தார். அவருடைய மாடுகளை எங்கள் ஸ்டோருக்குப் பின்னால் கட்டி நானே வைக்கோல் போட்டேன்.